லே – ஜம்மு: ஐம்பது நிமிடம்

1. யாரைப் பார்த்து லேங்கெ?

என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்று சொன்ன ஒரே வாடிக்கையாளர் கோர்ட்டிலேயே வேலை பார்த்தவர். பெயர் வேலாயுதம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சிரஸ்தார், அதாவது ஆபீசுக்குத் தலைமை எழுத்தர். அவர் கண்ணில் படாமல் ஒரு காகிதமும் நீதிபதி மேசைக்குப் போகாது என்பார்கள். இன்றைக்கு டிராவல்ஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தட்டி, எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு பதிலைச் சரியாகச் சொல்ல நான் கற்றுக்கொள்வதற்குள் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி காதர் பாய். ரயில் ரிசர்வேஷன், பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்புவது, வளைகுடாவுக்குப் போகிறவர்களை பம்பாய் வரை அனுப்பி வைப்பது, இவைதான் தொழில். ஆபீசில் ஆட்கள் இரண்டே பேர், பாயும் நானும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்ததால் எனக்கு டைப்பிஸ்ட் என்று பெயர். ஆனால் கவுண்டர், டிரங்க் கால், டிக்கெட், வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்குவது எல்லாம் நான்தான். பாய் பேப்பர் படிப்பார்.

சிரஸ்தார் ஒருநாள் மத்தியானம் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, மடக்கிய குடை, சட்டைப் பையில் இரண்டு பேனா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கு. மாப்பிள்ளைக்குச் செட்டியார்பட்டி. மிலிட்டரில இருக்கார். லடாக்குல போஸ்டிங். லெட்டர் போட்டா ஐம்பத்தாறு ஏ.பி.ஓ.ன்னுதான் அட்ரஸ், ஊர் பேரே கிடையாது. அங்கன ஏரோப்ளேன் எந்த ஊர்ல இருந்து கிளம்பும்?"

மதுரை ஏஜென்சி கொடுத்திருந்த டைம் டேபிளைப் புரட்டிப் பார்த்தேன்.

"லே" என்றேன்.

அவர் குடையை மேசை மேல் வைத்தார். "என்னம்மா சொன்ன?"

"லே, சார்."

"யாரைப் பாத்து லேங்கெ? இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு. நீதிபதியே என்னை ‘வாங்க போங்க’ன்னுதான் பேசுவாரு. நேத்து வேலைக்கு வந்த பிள்ள, நீ என்னை லேங்கியா?"

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையை "ஏலே", "வாலே", "போலே" என்று கூப்பிடுவது சகஜம். ஆனால் அதற்கு வயது பார்க்கணும், உறவு பார்க்கணும். ஒரு பொம்பளைப் பிள்ளை கோர்ட் சிரஸ்தாரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஊருக்குள் நடமாட முடியாது. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. புத்தகத்தைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். எல், ஈ, ஹெச் என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து பாய் சிரிப்பது எனக்குக் கேட்டது.

"இப்படியுமா ஒரு ஊருக்குப் பேர் வைப்பான்?" என்று சொல்லிக்கொண்டு அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

2. பேண்டேஜ் நூல்

அவருக்குத் தேவைப்பட்டது டிக்கெட் இல்லை. மாப்பிள்ளைக்கான விமானச் சீட்டை அங்கே பட்டாளத்திலேயே ஏற்பாடு செய்துகொள்வார்கள். இவருக்கு வேண்டியது ஒரு காகிதம். லேயிலிருந்து, மாப்பிள்ளை இறங்கி ரயில் பிடிக்கிற ஜம்முவுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நேரம் என்று எங்கள் லெட்டர்பேடில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துத் தரவேண்டும்.

"எதுக்கு சார் காகிதம்? வாயால சொன்னாப் பத்தாதா?"

அவர் குரலை இறக்கினார். "போன வருஷம் ஒரு சம்பந்தம் பத்திரிகை அடிச்ச பொறவு நின்னு போச்சும்மா. ‘வந்துருவோம், வந்துருவோம்’னு வாயாலதான் சொன்னானுவ. இந்த முகூர்த்தம் கார்த்திகையில கடைசி. விட்டா மார்கழி. தை பொறக்குறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு லீவு முடிஞ்சு போயிரும். இனி எதா இருந்தாலும் எனக்கு எழுத்துல வேணும்."

மதுரைக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டேன். பறக்கிற நேரம் ஐம்பது நிமிடம் என்றார்கள். "ஆனா குளிர்காலம் பாத்துக்கம்மா, மேகம் இறங்கிட்டா பிளேன் கிளம்பாது. நாலு நாள், அஞ்சு நாள் கூட ஆகும்" என்று சேர்த்தும் சொன்னார்கள். இதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் நினைக்கவில்லை. மனுஷன் தூரமும் நேரமும்தானே கேட்டார், கேட்டதைக் கொடுத்து அனுப்பினால் போதும், மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது என்றிருந்தேன். பிள்ளைகளே, என் தப்பு இதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தூரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சுவரில் ஒரு இந்தியா மேப் தொங்கியது. எங்கள் வட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் அதிகம். ஆபீசில் மேசை துடைக்கிற துணிகூடப் பேண்டேஜ் துணிதான். அதிலிருந்து ஒரு நூலை உருவி, லேயில் ஒரு முனை, ஜம்முவில் ஒரு முனை என்று வைத்து, அடியில் போட்டிருந்த ஸ்கேலில் அளந்தேன். முந்நூறு வந்தது. பாய் எழுந்து வந்து அளந்தார். முந்நூற்று ஐம்பது வந்தது. பேண்டேஜ் நூல் சுருண்டு சுருண்டு கிடக்கும், யார் எப்படி இழுக்கிறார்களோ அப்படி நீளும்.

"ஒண்ணு முடிவு பண்ணுங்க. மலை என்ன ரப்பரா?" என்றார் சிரஸ்தார்.

நான் "சுமார் 300 கி.மீ., சுமார் 50 நிமிடம்" என்று அடித்துக் கொடுத்தேன். அவர் பேனாவை எடுத்து இரண்டு "சுமார்"களையும் அடித்தார்.

"சுமார்னா என்ன அர்த்தம்? சுமார்னு சொன்ன சாட்சிய எந்தக் கோர்ட்டும் ஏத்துக்காது. வேற அடி."

வேறு அடித்தேன். "லே விமான நிலையத்திலிருந்து ஜம்மு விமான நிலையத்துக்குத் தூரம் 300 கி.மீ. பயண நேரம் 50 நிமிடம்." கீழே என் கையெழுத்து. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பாய் பேப்பரைத் தாழ்த்தி, "ஏம்மா, மலைக்கும் மழைக்கும் நீ கையெழுத்துப் போட்டிருக்க" என்றார். சாப்பிடப் போகிற அவசரத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

3. அப்பனுக்கு வந்த தந்தி

முகூர்த்தத்துக்கு எட்டு நாள் முன்னால் செட்டியார்பட்டியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பெரியசாமி வந்தார். பருத்தி விளைவிக்கிற சம்சாரி. கையில் தந்தி. அதற்கு முன்னாலேயே சிரஸ்தாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார் போல, அவரும் கோர்ட்டுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து நின்றார்.

"தாயி, நீயே நியாயம் சொல்லு" என்றார் பெரியசாமி. "பெத்த அப்பனுக்கு இப்படியா தந்தி அடிப்பான்? போஸ்ட் ஆபீஸ்ல படிச்சுச் சொன்னாக. ‘கிளம்ப முடியாதுலே, மேகமா இருக்கு, பிளேன் இல்ல’ன்னு இருக்காம். என்னைய லேங்கான்! பட்டாளத்துல சேந்தா அப்பன் மரியாத தெரியாமப் போயிருமா? இவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா? வரட்டும், மொதல்ல அவன் முதுகுத் தோல உரிக்கேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் சிரஸ்தார் முந்திக்கொண்டார்.

"சம்பந்தி, அது மரியாதக் குறைவு இல்ல. அது ஊர் பேரு" என்றார், தீர்ப்பு வாசிக்கிற குரலில். "எல், ஈ, ஹெச். லே. படிச்சவகளுக்குத் தெரியும்."

ஒரு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் இவர் குதித்த குதி எனக்குத்தானே தெரியும். பாய் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

பெரியசாமிக்கு அந்தக் கோபம் தணிந்ததும் சிரஸ்தாருக்குத் தன் கோபம் ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஐம்பது நிமிஷம், சார்."

"மாப்பிள்ளை லீவு சாங்ஷன் ஆகி ரெண்டு நாளாச்சு. ரெண்டு நாளைக்கு எத்தனை ஐம்பது நிமிஷம்? பிளேன் இல்லாட்டி பஸ் புடிச்சு வரவேண்டியதுதான? முந்நூறு கிலோமீட்டர் ஒரு தூரமா? நம்ம ஊர்ல இருந்து திருச்சிக்குப் போயிட்டுச் செத்த நேரம் மேல போனா முடிஞ்சு போச்சு."

"ரோட்டைப் பனி மூடிருச்சாம் சார். அடுத்த வருஷம் வெயில் வந்தாத்தான் தொறப்பாங்களாம்."

"அள்ளிப் போட ஆள் இல்லியா?" என்றார் பெரியசாமி. "நம்ம பஞ்சாயத்து மாதிரிதானா அங்கனயும்?"

சிரஸ்தார் காகிதத்தைத் தட்டினார். "மாப்பிள்ளை வரலைன்னா வக்கீல் நோட்டீஸ் வரும். ஆபீஸ் பேர்லயும் வரும், உன் பேர்லயும் வரும். சொல்லிட்டேன்."

காகிதத்தை மறுபடி மடிக்கப் போனவர் பழைய மடிப்புத் தெரியாமல் இரண்டு தடவை தப்பாக மடித்தார். அவருக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அப்போதுதான் மதுரையில் சொன்ன மேகம் எனக்கு உறைத்தது.

4. இங்க ஒரு மேகமும் இல்லியே

அன்றிலிருந்து தினமும் காலையில் மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். மதுரைக்காரர் டெல்லியைக் கேட்டுச் சொல்வார். "இன்னைக்கும் மேகம்." மறுநாளும் "இன்னைக்கும் மேகம்." பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்கூட, "அக்கா, லேயில வெளுத்திருச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ராஜபாளையத்தில் ஒருத்தருக்கும் தெரியாத ஊரின் வானத்தைப் பற்றி ஊரே கவலைப்பட்டது.

சிரஸ்தார் கோர்ட் முடிந்ததும் சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவார். ஜன்னல் வழியாக மேற்கு மலையைப் பார்ப்பார். வானம் துடைத்துவிட்டது போல இருக்கும்.

"இங்க ஒரு மேகமும் இல்லியேம்மா" என்பார், அது ஏதோ என் குற்றம் மாதிரி.

மூன்றாம் நாள் அவர் மகள் வசந்தா தனியாக வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, அந்தக் காகிதத்துல நீங்க எழுதுனது நெசந்தான?"

"நெசந்தான்" என்றேன். அதோடு நிறுத்திக்கொள்ள மனசு வரவில்லை. "ஆனா முழுசா எழுதல வசந்தா. மேகம் வந்தா நாள்கணக்கில நிக்கும்னு எனக்குத் தெரியும். உங்கப்பா கேக்கல, நானும் சொல்லல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தா ஒரு வாரம் முன்னாலயே லீவு கேக்கச் சொல்லி எழுதியிருப்பேன்லக்கா" என்றாள். "போன தடவ நின்னப்ப அம்மா பத்திரிகையெல்லாம் அடுப்புல போட்டுச்சு. இன்னொரு தடவ நின்னா இனி ஒருத்தன் முன்னாலயும் காபித் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். இத நான் அப்பாட்டச் சொல்லல. உங்ககிட்டதான் சொல்லுதேன்."

அவள் படியிறங்கிப் போன பிறகு நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். திரும்பி வந்தபோது பாய் என் மேசையில் ஒரு டீ வைத்திருந்தார். நான் மறுபடியும் மதுரைக்கு டிரங்க் கால் புக் பண்ணினேன். அன்றைக்கு மூன்றாவது கால் அது. செலவைப் பற்றிப் பாய் கேட்கவில்லை.

முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது லேயில் வானம் வெளுத்தது. சாயங்காலம் பெரியசாமி தந்தியை ஆட்டிக்கொண்டே படியேறினார். "ஜம்மு வந்துட்டானாம்! இந்தத் தடவ மரியாதையா அடிச்சிருக்கான், தாயி. லே இல்ல!"

அப்புறம் டெல்லி. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மெட்ராசிலிருந்து அவனே ஆபீசுக்குப் போன் பண்ணினான். பெயர் கணேசன். குரல் கட்டியிருந்தது. "தென்காசி பஸ்ல ஏறுதேன்க்கா. விடிய வில்லிபுத்தூர்ல இறங்கிருவேன்னு வீட்ல சொல்லிருங்க" என்றான்.

5. பதினொரு கிலோமீட்டர்

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம். காலை ஏழேகாலுக்கு நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், மொய்க் கவரோடு, அந்தப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றேன். மெட்ராஸ் – தென்காசி பஸ் வந்து நின்றது. வில்லிபுத்தூரைத் தாண்டித்தான் அது இங்கே வரவேண்டும். கண்டக்டர் கடைசி சீட்டில் யாரையோ உலுக்கிக்கொண்டிருந்தார். குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக ஒருவன் இறங்கினான். கண்டக்டர் மேலிருந்து ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். அதில் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பரும் கணேசன் என்ற பெயரும் இங்கிலீஷில் எழுதியிருந்தன.

"அண்ணாச்சி, வில்லிபுத்தூர் வந்துருச்சா?" என்று அவன் டீக்கடைக்காரரிடம் கேட்டான்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "அட பாவி! வில்லிபுத்தூர் போயே போச்சு. இது ராஜபாளையம்!" என்று கத்தினேன்.

நடந்தது என்னவென்று பின்னால் தெரிந்தது. வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பெரியசாமி விடியற்காலையிலிருந்தே காத்துக்கிடந்திருக்கிறார். பஸ்ஸுக்குள் ஏறி "ஏலே!" என்று கூப்பிட்டிருக்கிறார். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள், அவர் மகனைத் தவிர. நாலு நாள் தூக்கத்தைக் குல்லாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மிலிட்டரி உடுப்பைத் தேடியிருக்கிறார்.

ஓடிப்போய் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் உடனே அம்பாசிடரை எடுத்தார். ஊர் எல்லை தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் டயர் பஞ்சர். இறங்கி ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தோம். அதுவும் பஞ்சர்.

"ஊரெல்லாம் டிராவல்ஸ் முதலாளின்னு பேரு. ஸ்டெப்னில காத்து இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முதலாளியை நான் அப்படிப் பேசியது அந்த ஒரே தடவைதான்.

கை காட்டிக் காட்டி ஒரு டவுன் பஸ்ஸை நிறுத்தி ஏறினோம். அது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. ஒரு ஸ்டாப்பில் ஆடுகளை ஏற்றலாமா வேண்டாமா என்று கண்டக்டருக்கும் ஆட்டுக்காரருக்கும் சண்டை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளையும் தன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அக்கா, லேயில இருந்து ஜம்மு நாப்பத்தெட்டு நிமிஷத்துல வந்துட்டோம். வாட்ச்சப் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றான் பாவமாக.

பதினொரு கிலோமீட்டருக்கு ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். மண்டபத்து வாசலில் சிரஸ்தார் நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ, முகத்தில் ரத்தமே இல்லை. பெரியசாமி தோல் உரிப்பதாகச் சொன்ன முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அரைவாளித் தண்ணீரில் குளிப்பு, பட்டு வேட்டி, குல்லாய்த் தடம் பதிந்த நெற்றியில் சந்தனம். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தாலி கட்டினான். வசந்தா தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் நான் அட்சதை போட்டபோது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

6. திருத்தம்

பந்தியில் சிரஸ்தார் என் இலைக்கு எதிரே வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதம் வெளியே வந்தது. நான் பாயசத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"சாப்பிட்டுட்டு வா. இதுல ஒரு திருத்தம் போடணும்" என்றார்.

கை கழுவிவிட்டுப் போனேன். "பயண நேரம்" என்ற இடத்துக்கு முன்னால் பேனாவால் கூரை மாதிரி ஒரு குறி போட்டு, மேலே ஒரு வார்த்தை எழுதினார். "கிளம்பினால்." பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். திருத்தம் செய்தால் சம்பந்தப்பட்டவர்கள் பக்கத்தில் கையெழுத்து வைக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் செல்லாதாம். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"சுமார அடிச்சது நான். மேகத்த விட்டது நீ" என்றார். "வசந்தா சொன்னா. ரெண்டு பேர் மேலயும் குத்தம் இருக்கு. போடு."

போட்டேன்.

அதற்கப்புறம் பணி முடியும் வரைக்கும், யார் எந்த ஊருக்கு எத்தனை நேரம் என்று கேட்டாலும், அந்த வார்த்தையைச் சேர்க்காமல் நான் ஒரு காகிதமும் எழுதியதில்லை. வாடிக்கையாளர் கேட்காததையும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளே. சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில், ரிடையர் ஆன பிறகு, சிரஸ்தார் ஒருநாள் படியேறி வந்தார். மருமகனுக்கு மறுபடியும் அதே இடத்தில் போஸ்டிங்காம். கோடையில் வசந்தாவையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போய் அவனைப் பார்த்துவிட்டு வரப் போகிறார். அதே குடை, மூன்று பேனா. நான் ஃபாரத்தை எடுத்து, முகத்தை நிமிர்த்தாமல் கேட்டேன்.

"எந்த ஊருக்கு, சார்?"

"லே" என்றார்.

நான் பேனாவை மேசை மேல் வைத்தேன். "யாரைப் பாத்து சார் லேங்கிய? பத்து வருஷத்துக்கு மேல சர்வீஸ் எனக்கு."

ஒரு நிமிடம் முழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், குடை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜம்முவுல இருந்து எம்புட்டு நேரம்மா?"

"ஐம்பது நிமிஷம், சார்" என்றேன்.

விரலை நீட்டி என்னை நிறுத்தினார்.

"கிளம்பினா" என்றார்.